கட்டிலுக்கு அடியில் 212 பிரதிகள்: ஒரு மேளப் பத்திரிகையின் விநியோகக் கணக்கு

என் கட்டிலுக்கு அடியில் இப்போது 212 பிரதிகள் கிடக்கின்றன. நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மட்டுமென்று நண்பர்கள் மூவர் சேர்ந்து தொடங்கிய காலாண்டிதழின் முதல் இரண்டு இதழ்களில் மிஞ்சியவை. இதழுக்கு 64 பக்கம், 500 பிரதி, விலை 100 ரூபாய். மூன்றாம் இதழ் அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: இதை யார் கையில், எந்த வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? மூவருக்கும் மூன்று கட்சி. ஒருவர் கடைகளில் போடச் சொல்கிறார். இன்னொருவர் அச்சையே விட்டுவிட்டு இணையத்துக்குப் போவோம் என்கிறார். நான் சந்தாக் கட்சி. சண்டை போட்டு ஓய்ந்தபின் உட்கார்ந்து கணக்கெழுதினோம். வேறு ஏதாவது சின்ன இசைத்துறைக்குப் பத்திரிகை நடத்த நினைப்பவருக்கு அது உதவலாம்.

முதலில் கடை. பக்க வடிவமைப்புக்கு 8,000, 500 பிரதி அச்சுக்கு 24,000. ஆக, பிரதி ஒன்றுக்கு அடக்கவிலை 64 ரூபாய். புத்தகக் கடைகள் 40 சதவீதம் கழிவு கேட்கின்றன. சில கடைகள் 35-க்கு இறங்கி வரும். நூறு ரூபாய் இதழ் விற்றால் எங்களுக்கு 60 ரூபாய். அதாவது ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் நான்கு ரூபாய் நஷ்டம். நன்றாக விற்றால் இன்னும் நஷ்டம்! கடைக்கட்சி நண்பர் இதற்கும் பதில் வைத்திருந்தார்: ‘ஆயிரம் அடிப்போம், அடக்கவிலை இறங்கும்.’ இறங்கத்தான் செய்கிறது. கூடுதல் 500 பிரதிக்குக் கூடுதல் செலவு 12,000 ரூபாய்தான், பிரதி 44-க்கு வந்துவிடும். ஆனால் அந்த 12,000 திரும்பி வரக் கடைகளில் 200 பிரதி விற்றாக வேண்டும். முதல் இரண்டு இதழிலும் ஒன்பது கடைகளில் போட்டதில் சேர்ந்து விற்றது 58. திரும்பி வந்த பிரதிகளின் அட்டை மடங்கி, ஓரம் கறுத்து, இனி யாருக்கும் கொடுக்க முடியாத நிலையில் இருந்தன. ஒரு கடையிலிருந்து இன்னும் பணமே வரவில்லை. ஃபோன் எடுப்பவர் மிக மரியாதையாகப் பேசுகிறார், அவ்வளவுதான்.

கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே வருபவர் நாவல் தேடி வருகிறார். நாகஸ்வரம் பற்றிய இதழ் கண்ணில் பட்டால் புரட்டிப் பார்க்கிறார், நல்லவராயிருந்தால் வாங்குகிறார், அடுத்த இதழுக்காக மூன்று மாதம் கழித்து அதே கடைக்கு வருவதில்லை. பத்திரிகைக்கு வேண்டியது இரண்டாவது முறை வாங்குகிறவர். அவர் யார், எங்கே இருக்கிறார் என்பதைக் கடைக்காரர் எங்களுக்குச் சொல்ல வழியில்லை. ஐம்பத்தெட்டு பேர் வாங்கினார்கள், ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்த நான்கு ரூபாயைவிட இதுதான் பெரிய நஷ்டமாகப் பட்டது.

சிற்றிதழ்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 1959-ல் ‘எழுத்து’ தொடங்கிய சி.சு. செல்லப்பா, தம் வெளியீடுகளைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவர். அதைத் தியாகக் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். விநியோகக் கணக்காகவும் அதைப் பார்க்கலாம்: தமக்கு வேண்டிய வாசகர்கள் தமிழாசிரியர்களும் மாணவர்களும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவர்கள் இருக்கும் இடமும் தெரிந்திருந்தது.

எங்கள் வாசகர் இருக்கும் இடம்? இங்கேதான் எங்கள் மூவருக்கும் குழப்பம். சென்னை சங்கீத வட்டத்துக்கு ஏற்கெனவே பத்திரிகைகள் உண்டு. மியூசிக் அகாதெமியின் ஆய்விதழ் 1930-லிருந்து வருகிறது. என். பட்டாபிராமன் 1983-ல் தொடங்கிய ‘ஸ்ருதி’ இன்றும் வருகிறது. இரண்டும் முதன்மையாக ஆங்கிலத்தை நம்பியவை, சபாவுக்கு வரும் ரசிகரை மனதில் வைத்தவை. நாங்களும் அதே வாசலில் போய் நின்றோம். முதல் இதழ் டிசம்பரில் வந்ததால் மார்கழி சீசனில் ஒரு சபா வளாகத்தில் மேஜை போட இடம் கேட்டோம், கிடைத்தது. கேன்டீன் வரிசையில் நிற்பவர்கள் பார்வை படும்படியான நல்ல இடம். ஆறு நாளில் 94 பிரதி விற்றது. மேஜை வாடகை, போக்குவரத்து, எங்கள் காபிச் செலவு எல்லாம் போகக் கையில் நின்றது சொற்பம். இருந்தாலும் விற்றது. ஆனால் அந்த 94 பேரில் சந்தா கட்டியவர் 11 பேர். வாய்ப்பாட்டு ரசிகர்களுக்கு நாகஸ்வரத்தின் மேல் இருப்பது ஒரு பரிவு. விழாத் தொடக்கத்தில் மங்கள இசை வாசிக்கும்போது பாதி நாற்காலி காலியாக இருப்பது அவர்களுக்கும் தெரியும், கொஞ்சம் குற்றவுணர்வும் உண்டு. அந்தக் குற்றவுணர்வுக்கு நூறு ரூபாய் கொடுக்கிறார்கள். ஆண்டுச் சந்தாவுக்கு நானூறு கொடுப்பதில்லை.

அடுத்து, ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் கண்காட்சி. அங்கே தனி ஸ்டால் எடுக்க எங்களுக்கு வக்கில்லை, நண்பரின் பதிப்பக ஸ்டாலில் ஒரு மூலை கிடைத்தது. முப்பது சில்லறை விற்றது. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

திருவையாறுதான் கண்ணைத் திறந்தது. தியாகராஜ ஆராதனைக்குக் காவிரிக்கரைக்கு வருகிற கூட்டத்தில் வித்வான்களும் மாணவர்களும் ரசிகர்களும் கலந்திருப்பார்கள். டெல்டா மேளக்காரர்கள் பலருக்கு அது வருஷத்தில் ஒருமுறை எல்லோரையும் பார்க்கிற இடம். மூன்று நாளில் நாங்கள் விற்றது 70 பிரதிதான், சபாவைவிடக் குறைவு. ஆனால் 41 பேர் முகவரி எழுதிக் கொடுத்து ஆண்டுச் சந்தா 400 ரூபாய் கட்டினார்கள். ஒரு தவில்காரர் தன் பெயருக்கு ஒன்று, மகன் படிக்கிற இசைப் பள்ளிக்கு ஒன்று என்று இரண்டு கட்டினார். ஒரு பெரியவர் இதழைப் புரட்டிவிட்டு, தன் தாத்தாவின் குரு பெயரில் இனிஷியல் தப்பாக இருப்பதைக் காட்டித் திட்டிவிட்டுச் சந்தா கட்டினார். விற்பனையை மட்டும் பார்த்தால் சபா ஜெயித்தது. அடுத்த இதழுக்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்தால் திருவையாறு எங்கோ போய்விட்டது.

அங்கே பேச்சோடு பேச்சாக வந்தது இன்னொரு யோசனை. ஒவ்வொரு நாகஸ்வரக்காரரும் வருஷம் தவறாமல் போகிற இடம் எது? சபாவும் இல்லை, புத்தகக் கடையும் இல்லை, சீவாளி செய்பவர் வீடு. நாணலில் செய்து, நாகஸ்வரத்தின் முனையில் செருகி ஊதுகிற அந்தச் சின்னப் பொருள் தேய்ந்துகொண்டே இருக்கும். கச்சேரி செய்கிறவருக்குக் கைவசம் பல இருந்தாக வேண்டும், தன் வாய்க்கு வாகானதைத் தேடி நேரில் வந்து ஊதிப் பார்த்துத்தான் எடுப்பார். திருவாவடுதுறைச் சீவாளிக்கு ஊர் ஊராகப் பெயர் உண்டு. பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை, 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரம் கடைகிற ஊர். தவிலுக்கும் அதேபோலத் தோல் மாற்ற, வளையம் சரிபார்க்க என்று ஆள் வந்துகொண்டே இருக்கும் பட்டறைகள் இருக்கின்றன. ஒரு சீவாளிக்காரரிடம் போய், பத்து இதழ் வைத்து விற்றுத் தரமுடியுமா, கமிஷன் தருகிறோம் என்று கேட்டேன்.

“தம்பி, காசு வாங்கிக் கணக்கு வெக்கிற வேலையெல்லாம் எனக்கு ஆவாது. பொஸ்தகத்தை வெச்சிட்டுப் போங்க. சீவாளி ஊறுற நேரத்துல வர்றவங்க சும்மாதானே ஒக்காந்திருக்காங்க, பார்ப்பாங்க.”

“சரிண்ணே, அப்ப சந்தாச் சீட்டு மட்டும் உள்ள வெச்சுடறேன்.”

இலவசமாக வைத்த அந்தப் பத்துப் பிரதியிலிருந்து இதுவரை 14 சந்தா வந்திருக்கிறது. பத்திலிருந்து பதினான்கு எப்படி வரும் என்று கேட்டால், ஒரே பிரதியை நாலு பேர் படிப்பதால் வரும். ஒன்பது புத்தகக் கடைகளால் முடியாததை ஒரு திண்ணை செய்தது. கடைக்கட்சி நண்பரின் வாய் அன்றோடு அடங்கியது.

இனி சந்தா வழியின் வில்லங்கங்கள். எங்கள் கட்சி என்பதற்காக மறைக்க முடியாது. தபால்துறையில் பதிவு செய்த பத்திரிகைகளுக்குச் சில்லறைக் காசில் அனுப்பும் சலுகை இருக்கிறது. ஆனால் 31 நாளுக்கு ஒருமுறையாவது வெளிவர வேண்டும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும். காலாண்டிதழுக்கு அந்தக் கதவு திறக்காது. புத்தகம் அனுப்புகிற சிறு பதிப்பாளர்கள் பெரிதும் நம்பியிருந்த பதிவு நூலஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 மே மாதம் ஞான போஸ்ட் என்கிற புத்தகத் தபால் வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய். ஆனால் விளம்பரம் தாங்கிய வெளியீட்டுக்கு அது பொருந்தாது. எங்கள் பின்னட்டையில் ஒரு வாத்தியக் கடையின் விளம்பரம் இருக்கிறது, அதுதான் வடிவமைப்புச் செலவில் பாதியைக் கொடுக்கிறது. ஆகவே உறை, முகவரிச் சீட்டு, தபால் எல்லாமாகப் பிரதிக்கு 20 ரூபாய், காணாமல்போவதற்கு மறுபிரதி என்று இன்னும் இரண்டு ரூபாய் எழுதிக்கொண்டோம். நூறில் 22 போனால் 78. அடக்கவிலை 64. பிரதிக்குப் பதினான்கு ரூபாய் மிச்சம். அதுவும் முன்பணமாக.

‘அப்படியானால் 64 பக்கக் காலாண்டிதழை 16 பக்க மாத இதழாக்கிவிடலாமே, தபால் சலுகை கிடைக்குமே’ என்று யாராவது கேட்பார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம். காகிதத்தில் அழகான யோசனை. ஆனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை மெய்ப்புத் திருத்தி, பன்னிரண்டு முறை உறை ஒட்ட வேண்டும். மூவரும் வேலைக்குப் போகிறவர்கள். தவிரவும், ஒரு வித்வானின் நீண்ட நேர்காணலை மூன்றாக வெட்டி மூன்று மாதம் போடுவது, ராக ஆலாபனையை நடுவில் நிறுத்திவிட்டுத் தனி ஆவர்த்தனம் கேட்கிற மாதிரி. ஒரு நல்ல நேர்காணலுக்காகத்தான் இந்த இதழே. வேண்டாமென்று முடிவு செய்தோம்.

சந்தாவில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பத்திரிகை நடத்துகிற புத்தகங்கள் எதிலும் இதைப் பார்த்ததில்லை: பணம் எப்போது கேட்பது? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மார்கழியில் கோயில் வேலை இருந்தாலும் கையில் காசு புரள்வது முகூர்த்த மாதங்களில்தான். தை, வைகாசி, ஆவணியில் மேளக்காரர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார், பை நிறைந்திருக்கும், படிக்க நேரமிருக்காது. ஆடியில் நேரமிருக்கும், காசிருக்காது. சென்னை ரசிகருக்கோ மார்கழியில்தான் சங்கீதத்துக்கென்று பணம் எடுத்து வைக்கிற பழக்கம். எங்கள் இரண்டு வாசகர் கூட்டத்துக்கும் நாட்காட்டி நேரெதிர். எல்லோருக்கும் ஒரே நாளில் ‘சந்தா கட்டுங்கள்’ என்று செய்தி அனுப்பினால் பாதிப்பேர் பதில் போடமாட்டார்கள். நாங்கள் பங்குனியில் அனுப்பிப் பட்டது அதுதான். அதை அலட்சியம் என்று நினைத்து வருத்தப்பட்டோம், பிறகுதான் புரிந்தது.

இணையக் கட்சிக்கு வருவோம். அச்சுச் செலவில்லை, தபாலில்லை, கட்டிலுக்கு அடியில் எதுவுமில்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. இரண்டாம் இதழின் பி.டி.எஃப்.-ஐ 50 ரூபாய்க்கு விற்றுப் பார்த்தோம். 37 பேர் வாங்கினார்கள். நான்காம் நாள் எனக்கே ஒரு வாட்ஸப் குழுவிலிருந்து அது வந்து சேர்ந்தது, ‘அரிய பொக்கிஷம், பகிருங்கள்’ என்ற வாசகத்தோடு. கோபப்படவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குழுவில் இருந்த 200 பேரும் எங்களுக்கு அதுவரை எட்டாத ஆட்கள்.

இன்னொரு வேடிக்கை. நாங்கள் இதழ் முழுக்க ‘நாகஸ்வரம்’ என்றே எழுதுகிறோம், அதுதான் சரி என்பது எங்கள் கட்சி. ஆனால் ஊரே ‘நாதஸ்வரம்’ என்றுதான் தேடுகிறது. தேடுபொறியில் நாங்கள் தட்டுப்படுவதே இல்லை. பிடிவாதத்துக்கும் விநியோகச் செலவு உண்டு.

அடுத்தவர் கூரைக்கடியில் குடியிருப்பதும் நிச்சயமில்லாதது. கிண்டிலில் இதழ்களுக்குச் சந்தா கட்டும் ஏற்பாட்டை அமேசான் 2023-ல் மூடியது. அங்கே மட்டும் கடை விரித்திருந்த இதழ்கள் வாசகரை வேறு வாசலில் முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று. செயலியில் சந்தாதாரர் இருக்கிறார் என்றால் அந்தச் செயலிக்குத்தான் இருக்கிறார், நமக்கு இல்லை.

ஆனாலும் இணையத்தைத் தள்ளிவிட முடியாத இரண்டு காரணங்கள். ஒன்று, கடல் தாண்டிய வாசகர். யாழ்ப்பாணத்து அளவெட்டியும் இணுவிலும் நாகஸ்வர தவில் மரபின் பெரிய ஊர்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றித் தஞ்சாவூர்க்காரர்களே இன்றும் வியந்து பேசுகிறார்கள். அந்த மரபு இலங்கைப் போரை ஒட்டி டொரோன்டோ, லண்டன், சுவிட்சர்லாந்துக் கோயில்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே ஓரிதழை அனுப்பும் தபால் செலவு இதழின் விலையைவிட அதிகம். அவர்களுக்குத் திரையில் படிக்கிற பதிப்பே சரி, கொஞ்சம் கூடுதல் விலை வைத்தாலும் முகம் சுளிப்பதில்லை. இரண்டு, சங்கீதப் பத்திரிகைக்கு ஒலி வேண்டும். நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிவிட்டு வாசகரைத் தவிக்க விடுவது பாவம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1956-ல் மறைந்தவர் தம் காலத்தில் கொடுத்த இசைத்தட்டுகள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டன. பக்க ஓரத்தில் ஒரு க்யூஆர் கட்டம், ஃபோனைக் காட்டினால் பாட்டு. சீவாளிக்காரர் திண்ணையில் இதழை எடுத்தவர்கள் முதலில் செய்தது அதைத்தான்.

வெளியூர்ப் பாடங்கள் இரண்டைச் சொல்லாமல் விடமுடியாது. லண்டனில் 1982-ல் ஜாஸ் காலாண்டிதழாகத் தொடங்கிய ‘தி வயர்’, இன்று யாரும் எளிதில் வகைப்படுத்த முடியாத இசைகளுக்கான மாத இதழ். 2000-ல் அதன் ஊழியர்களே அதை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அச்சு இதழுக்குச் சந்தா கட்டினால் பழைய இதழ்கள் அத்தனையும் திரையில் படிக்கலாம் என்பது அவர்கள் ஏற்பாடு. அச்சும் இணையமும் சண்டைக்காரர்களாக இருக்கத் தேவையில்லை என்று எங்கள் இணையக்கட்சி நண்பரைச் சமாதானப்படுத்தியது இந்த உதாரணம்தான். இன்னொன்று அலகாபாத்தில் 1993-ல் அமித் சைகல் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’. ராக் இசைக்கு அலகாபாத் யாரும் நினைக்கிற ஊரா? கல்லூரி விழாக்களில் வாசிக்கிற குழுக்களைப் பற்றி எழுதினார்கள், அதே கூட்டம்தான் வாசகர்களும். 1997-ல் சொந்தமாக ஒரு ராக் விழாவையே தொடங்கிவிட்டார்கள்.

அதைப் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்தது. இதழ் வெளியீட்டுக்கு ஒரு கோயில் மண்டபத்தில் கச்சேரி வைத்து, வருகிறவர்களிடம் சந்தா வாங்கினால் என்ன? கணக்குப் போட்டால், ஒரு செட் மேளத்துக்கு உரிய சன்மானமே ஓரிதழின் அச்சுச் செலவைத் தாண்டுகிறது. உரியதைக் கொடுக்காமல் ‘நம்ம பத்திரிகைதானே’ என்று வாசிக்க வைத்துவிட்டு, மேளக்காரர்களுக்கு மதிப்பில்லை என்று தலையங்கம் எழுதுவது அசிங்கம். பணம் சேரும்வரை தள்ளி வைத்திருக்கிறோம்.

தாம்பூலப் பை யோசனையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் 300 பிரதி மொத்தமாகக் கேட்டார், 60 ரூபாய் வீதம். திரும்பி வராத, கடனில்லாத 18,000 ரூபாய். கொடுத்தோம். அடுத்த அச்சுக்கான காகிதம் அதில்தான் வந்தது. இரண்டு இதழ் சேர்த்து ஆயிரத்தில் 788 போயிருக்கிறது என்று நாங்கள் பெருமை பேசுவதில் இந்த 300-ம் அடக்கம், தேங்காயோடும் வெற்றிலையோடும் வீடு போனவை. அதிலிருந்து ஒரு சந்தா வந்தது, மாப்பிள்ளையின் சித்தப்பா. இந்த வழியில் பணம் வரும், வாசகர் வரமாட்டார். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி ஏமாறாமல் இருந்தால் சரி.

அரசு இசைக் கல்லூரிகள் நான்கு, மாவட்ட இசைப் பள்ளிகள் 17, பழநித் தேவஸ்தானத்தின் நாகஸ்வர தவில் பள்ளி போன்றவை சில. ஒரு பிரதியை முப்பது மாணவர் படிக்கிற இடங்கள். நிறுவனமே பணம் அனுப்பக் காத்திருந்தால் ரசீது, முன்ரசீது, ஒப்பம் என்று வருஷம் ஓடிவிடும். அதற்குப் புரவலர்களைப் பிடித்தோம்: ‘உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஆண்டுக்கு 400 ரூபாய்.’ கேட்ட ஒன்பது பேரில் ஏழு பேர் சரியென்றார்கள். வெறும் நன்கொடை கேட்டிருந்தால் இத்தனை பேர் தலையாட்டியிருக்க மாட்டார்கள்.

ஆகவே மூன்றாம் இதழுக்கு இப்படி முடிவாயிற்று. ஆயிரம் அடிக்கிற ஆசையை விட்டு 600. இன்றைய தேதிக்கு 163 சந்தா, பள்ளிகளுக்குப் புரவலர் வழியாக 7. சீவாளி செய்பவர்கள், தவில் பட்டறைகள் என்று பன்னிரண்டு இடத்தில் பத்துப்பத்தாக 120 இலவசப் பிரதி, ஒவ்வொன்றிலும் சந்தாச் சீட்டோடு. அதை விளம்பரச் செலவென்று எழுதிக்கொள்கிறோம். புத்தகக் கடைகளில் சென்னையில் ஒன்று, தஞ்சாவூரில் ஒன்று, தலைக்கு ஐந்து பிரதி, விற்றாலும் விற்காவிட்டாலும் அலமாரியில் தெரிய. மீதி முந்நூறு மார்கழி மேஜைக்கும் திருவையாற்றுக்கும். கடல் தாண்டியவர்களுக்குத் திரைப்பதிப்பு, அச்சுச் சந்தாதாரருக்கு அது இலவசம். அட்டையில் ‘நாகஸ்வரம்’, இணையப் பக்கத்துத் தலைப்பில் மட்டும் அடைப்புக்குள் ‘நாதஸ்வரம்’. இதற்கு நான் சம்மதிக்க இரண்டு நாள் பிடித்தது.

இதழ் ஆடி பிறந்த முதல் வாரத்தில் போய்ச் சேர வேண்டும், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. புதுப்பிக்கச் சொல்லும் அட்டை ஆவணி பதினைந்துக்குமேல் தனியாகப் போகும், அதற்குள் நாலு முகூர்த்தமாவது முடிந்திருக்கும்.